பெரிய அறையின் மணி

உம்சிண்டோவிலிருந்து கரும்புக்குள் ஆறு கிலோமீட்டர்.
நான் ஓய்வு பெற்றபோது ஆஸ்பத்திரியில் எல்லோரும் சேர்ந்து
வாங்கித் தந்த சீட்டு: இரண்டு இரவு, ஒரு ஆள்,
காலை உணவு உண்டு, மதுவுக்குத் தனிக் கணக்கு.

துரை வீடு. இப்போது ஹோட்டல்.
முகப்பில் நான்கு தூண், ஒன்றில் குளவிக்கூடு.
வரவேற்பில் இருந்த பெண் 'கிஸ்டன்' என்று பிழையில்லாமல் எழுதினாள்.
கிருஷ்ணனை எந்தக் குமாஸ்தா எந்தக் கப்பலடியில் கடித்தானோ,
எங்களுக்கு மீந்தது அவ்வளவுதான்.

பார்க்க வேண்டியவை என்று ஒரு தாள் கொடுத்தார்கள்.
கரும்பு நிறுத்த கொட்டகை. குட்டி ரயில் ஓடிய மேடு.
துரைசானி நட்ட மாமரம். குதிரைகளின் கல்லறை.
மதியத்துக்குள் நான்கும் முடிந்தது.
கொட்டகைத் தராசில் கைப்பையை வைத்தேன்,
பூஜ்யம் என்றது, பழக்கம் விடவில்லை.
குதிரைகளுக்குப் பெயர் இருந்தது.

அறையில் கட்டில் உயரம், ஏற ஒரு முக்காலி.
குளிக்கும் தொட்டிக்குச் சிங்கக் கால்.
வெந்நீர் வரப் பதினோரு நிமிஷம், எண்ணினேன்.

இரவு எட்டுக்கு, அட்டவணைப்படி, மின்சாரம் போனது.
சுவிட்சைத் தேடித் தடவியபோது
கையில் சிக்கியது குஞ்சம் வைத்த ஒரு கயிறு. இழுத்தேன்.
சுவருக்குள் ஏதோ விறுவிறுவென்று ஓடியது, எலி என்று நினைத்தேன்.
வீட்டின் அடிவயிற்றில் ஒரு மணி அடித்தது.

கதவு தட்டியவன் பெகானி, இரவுக் காவல்,
கையில் மெழுகுவத்தி, சட்டைப் பொத்தான்கள் மாறி.
"மா, நீங்களா?"
"நான்தான். தெரியாம இழுத்துட்டேன்."
"எய்ஷ். நாலு வருஷமா இருக்கேன், அது அடிக்கும்னே தெரியாது.
முதல்ல வெளியே ஓடினேன். அப்புறம்தான் மேலே வந்தேன்."

மழை. அன்றைக்கு நான் ஒருத்திதான் விருந்தாளி.
பார்க்க வேண்டியவற்றில் ஐந்தாவதைப் பார்க்க
அவன் பின்னால் சமையற்கட்டுக்கு இறங்கினேன்.

சுவரில் ஒன்பது மணிகள், ஒவ்வொன்றும் சுருள்வில்லின் நுனியில்,
அடியில் வெள்ளைப் பெயிண்டில்
புகை அறை, நீல அறை, பெரிய அறை, குழந்தைகள்.
என்னுடையது இன்னும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.
ஓசை ஓய்ந்த பிறகும் மணி ஆட வேண்டும்,
கைவேலையை விட்டு ஓடி வருகிறவளுக்கு
எந்த அறை என்று தெரிய வேண்டுமே.
நல்ல யோசனைதான், யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள்.

பெகானி தலையைச் சொறிந்தான்.
"மா, நான் ஒரு தடவை மேலே போய் இழுக்கட்டுமா?
பெரிய அறையில."
"போயேன்."

படியில் அவன் கால்கள். ஏழாவது படி முனகியது.
மேசையில் ரொட்டி இருந்தது, மர்மலேட் இருந்தது.
உட்கார்ந்து ஒரு துண்டு வெட்டினேன்.
சாட்ஸ்வொர்த் ஆஸ்பத்திரி சுவிட்ச்போர்டில்
முப்பத்தோரு வருஷம் இருந்தவளுக்கு
மணி என்ன புதிதா?
பிரசவம், தீக்காயம், பிணவறை,
எல்லா அழைப்பையும் உட்கார்ந்தபடிதான் எடுத்தேன்.

அடித்தது.

வாயில் ரொட்டியோடு நின்றுகொண்டிருந்தேன்.
டாக்டர் வேண்டாம் என்று சொன்ன வேகத்தில்
முழங்கால் எழுந்துவிட்டிருந்தது.
கை தன்பாட்டுக்கு நைட்டியின் முன்பக்கத்தை
நீவிச் சரிசெய்தது.

"கேட்டுச்சா?" மேலிருந்து, சிரிப்பை அடக்கிய குரல்.
"கேட்டுச்சு. இன்னொரு தடவை இழு."
உட்கார்ந்தேன். அடித்தது.
எழுந்தேன்.
"இன்னொரு தடவை."
"போதும் மா, கயிறு பழசு."
"இழுப்பா!"

மூன்றாம் தடவை
நாற்காலிப் பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.
பெரிய அறையின் மணி
அடித்தது, ஆடியது,
எதிர்ச் சுவரில் அதன் நிழலும் ஆடியது,
மெல்ல மெல்ல, பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"மா? இருக்கீங்களா?"
"உட்கார்ந்திருக்கேன்," என்று கத்தினேன்.